கிளினிக் வைக்காத டாக்டரா?

கேள்வி: என் பேத்தி எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். மேல்படிப்புக்கு ரத்த வங்கிப் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாடி பிடிக்காத, கிளினிக் வைக்காத டாக்டர் என்ன டாக்டர்? மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி, பிரசவமான தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ பாசிட்டிவ். ரத்த வங்கிக்கு ஓடினேன். அதே குரூப் கையிருப்பில் இருந்தும் அங்கிருந்த டாக்டரம்மா தரவில்லை. தாயின் ரத்தநீரையும் பையிலிருந்த ரத்தத்தையும் கலந்து பார்த்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை விளக்குக்கு நேரே பிடித்து மெல்லத் தட்டிக் காட்டினார். கலைந்து பரவ வேண்டிய சிவப்பணுக்கள், கூழில் மாவு கட்டி தட்டினாற்போல் திரண்டு நின்றன. முந்தைய பிரசவங்களில் அந்தத் தாயின் உடம்பில், வேற்று ரத்த அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது. குரூப் ஒன்றாக இருந்தும் அந்த ரத்தம் அவருக்கு ஆகாது. நாலாவது பைதான் பொருந்தியது. தாய் பிழைத்தார். தன்னைக் காப்பாற்றிய அந்த டாக்டரம்மாவை அவர் பார்த்ததே இல்லை.

உங்கள் பேத்தி கேட்பது இந்த வேலையைத்தான். ஏ, பி, ஓ வகைகளை லேண்ட்ஸ்டெய்னர் என்ற விஞ்ஞானி 1901-ல் பிரித்துக் காட்டினார். அதோடு கதை முடியவில்லை. 1952-ல் கண்டறிந்து சொன்ன பம்பாய் வகை என்ற அபூர்வ ரத்த வகை, சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும். ஓ ரத்தத்தை ஏற்றினாலோ உயிருக்கே ஆபத்து. டெங்கு காலத்தில் 'தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) குறைந்துவிட்டது, ஏற்றுங்கள்' என்று சொந்தக்காரர்கள் நெருக்குவார்கள். யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று நிதானமாகச் சொல்லவும் ஆள் வேண்டும். தட்டணுவை 22 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, 5 நாள்தான் வைத்திருக்க முடியும். வீணாக ஏற்றும் ஒவ்வொரு பையும் இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டியது.

கிளினிக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 3 ஆண்டு எம்.டி. முடித்தாலும் பெயர்ப்பலகை மாட்டி உட்காருவது கடினம். மருத்துவக் கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, ரத்த மையம், இவற்றில்தான் வேலை. பேத்திக்கு நோயாளியைத் தொடர்ந்து பார்க்க ஆசை இருந்தால் வழி வேறு: பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி., அப்புறம் ரத்தநோயியலில் 3 ஆண்டு டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு. தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தசோகை), ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), ரத்தப் புற்றுநோய் எல்லாம் அங்கே வரும். எந்தப் பக்கம் மனம் போகிறது என்று அவளிடமே கேளுங்கள். இந்தக் கேள்வி கல்யாணக் கேள்விக்கு முன்னால் வர வேண்டியது.

மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒன்று சொல்லலாம். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் பழக்கம் நமக்கு உண்டு. சொந்தம் என்றால் ஒரே மரபணுக் குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். இருவருமே தலசீமியா கடத்திகளாக, அதாவது தமக்கு நோய் இல்லாமல் அந்தக் குறையை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. கடுமையாக வந்தால், மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே அந்தக் குழந்தை வளர வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இதை உங்கள் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வீட்டிலேயே ஒரு டாக்டர் இருப்பாள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். கலந்தாய்வுக்கு முன் அங்கே அனுமதி கேட்டு, ரத்த மையத்தில் ஒரு ராத்திரிப் பணியைப் பேத்தி கூட இருந்து பார்த்துவிட்டு வரட்டும்.