பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'மெட்டாபிளேசியா' என்று இருந்தால் புற்றுநோய் வந்துவிட்டதா?

இல்லை. திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. மெட்டாபிளேசியா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது புற்றுநோய் வரை போவதே இல்லை.

ஓரிடத்தில் இருக்க வேண்டிய செல்களுக்குப் பதிலாக வேறு வகைச் செல்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். முதிர்ந்த செல்லே உருமாறிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஓயாத எரிச்சலால் அடியில் உள்ள மூலச்செல்கள் வேறு வகைச் செல்களை உருவாக்கத் தொடங்குகின்றன.

உணவுக்குழாயின் உட்புறம் பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. இரைப்பை அமிலமும் பித்தநீரும் வருடக்கணக்கில் மேலேறி வந்தால், அதன் கீழ்ப்பகுதியில் குடலில் இருப்பதைப் போன்ற சளி சுரக்கும் செல்கள் முளைத்துவிடும். இதுதான் பேரட்ஸ் உணவுக்குழாய். வேடிக்கை என்னவென்றால், 1950இல் இதைப் பற்றி எழுதிய நார்மன் பேரட், அது உணவுக்குழாயே இல்லை, மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் வாதிட்டார். பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார், பெயர் ஒட்டிக்கொண்டது.

புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில் இதற்கு நேர்மாறு. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்ச் செல்கள் போய்த் தட்டைச் செல்கள் வருகின்றன. புகையை அவை கொஞ்சம் தாங்கும், ஆனால் சளியைத் தள்ளாது. இப்படிச் செல்கள் மாறுவதால்தான் தட்டைச் செல்லே இருக்கக்கூடாத மூச்சுக்குழாயில் தட்டைச் செல் புற்றுநோயும், சுரப்பித் திசு அதிகமில்லாத உணவுக்குழாயில் சுரப்பிப் புற்றுநோயும் வருகின்றன. இரைப்பையில் பெரும்பாலும் இந்தச் செல் மாற்றத்தைத் தொடங்கி வைப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

சரி, ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்? 'டிஸ்பிளேசியா' என்று இருக்கிறதா என்று பாருங்கள். செல்கள் ஒழுங்கு தவறத் தொடங்கிவிட்டன என்பதற்கான அடையாளம் அது. பேரட்ஸில் டிஸ்பிளேசியா இல்லையென்றால், புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. குறிப்பிட்ட இடைவெளியில் எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் போதும். தீவிர டிஸ்பிளேசியா என்றால் அந்தப் பகுதியை எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டியெடுக்கவோ வெப்பத்தால் அழிக்கவோ முடியும். புகையை விட்டால் மூச்சுக்குழாய் பழைய நிலைக்குத் திரும்பலாம். பேரட்ஸ் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் மட்டும் முழுதாக மறைவது அரிது.

அப்புறம், கருப்பை வாய்ப் பரிசோதனையில் இதே சொல் வந்தால் இன்னும் கவலை குறைவு. பருவமடைந்ததிலிருந்தே அங்கே இது இயல்பாக நடப்பதுதான். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸ் அந்த இடத்தில் நீண்ட காலம் தங்கிவிடுவதுதான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது.