வேலையை விட்டு அனுப்பும்போதும் விலகும்போதும்: தொழிலாளர் சட்டக் கேள்வி பதில்

கோவை வட்டாரத்தில் தொழிலாளர் வழக்குகளில் இரு தரப்புக்கும் வாதாடி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. வழக்குக்குக் காரணம் பெரும்பாலும் வேலையை விட்டு நீக்கியது அல்ல, நீக்கிய விதம்தான். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், அவற்றையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி உரிமையாளர்): என்னிடம் 35 பேர் வேலை செய்கிறார்கள். ஏழு வருடமாக இருந்த டெய்லர் ஒருவர் சொல்லாமல் 12 நாள் வரவில்லை. திரும்பி வந்ததும் "இனி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது லேபர் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தப்பு அவருடையதுதானே?

தப்பு அவருடையதாகவே இருக்கட்டும். அதைச் சொல்லும் தாள் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா? ஒருவர் பன்னிரண்டு நாள் வராததாலேயே வேலையைக் கைவிட்டுவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. மூன்றாம் நாளே பதிவுத் தபாலில் "உடனே வேலைக்கு வரவும், வராததற்குக் காரணம் சொல்லவும்" என்று ஒரு கடிதம் போயிருக்க வேண்டும். அவர் திரும்பி வந்ததும் மெமோ கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி, அதில் திருப்தி இல்லையென்றால் உள்விசாரணை வைத்திருக்க வேண்டும். குற்றச்சாட்டைத் தெளிவாக எழுதுவது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு இடம் கொடுப்பது, முடிவெடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்பது, இவ்வளவுதான் உள்விசாரணை. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்து நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

இது எதுவும் இல்லாமல் வாய்வார்த்தையில் அனுப்பினால் அது தண்டனையாகவும் நிற்காது. கடைசி ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவர் என்றால், ஆட்குறைப்பு என்றே அதைப் பார்ப்பார்கள். அப்போது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம், அதோடு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நீக்கமே செல்லாது. மாதம் 18,000 வாங்கும் ஏழு வருடக்காரருக்கு அது சுமார் 81,000 ரூபாய். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி.

இதை வழக்கின் செலவோடு வைத்துப் பாருங்கள். நீக்கம் தவறு என்று முடிவானால், திரும்ப வேலையும் இடைப்பட்ட காலச் சம்பளமும் கொடுப்பதே வழக்கமான தீர்வு என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு ஆறு வருடம் ஓடினால் 72 மாதம், 12,96,000 ரூபாய். அவர் வேறு இடத்தில் வேலை பார்த்து வந்தார் என்று காட்டினால் குறையலாம், ஆனால் அதை நிரூபிப்பது லேசில்லை. விசாரணை வைக்காத முதலாளி குற்றத்தை நீதிமன்றத்திலேயே நிரூபிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்குள் உங்கள் சூப்பர்வைசரும் கட்டிங் மாஸ்டரும் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்?

லேபர் ஆபீசரின் கடிதத்தைத் தூக்கி ஓரமாக வைக்காதீர்கள். சமரசப் பேச்சுக்கு நீங்களே போங்கள். பிரச்சினை மிகக் குறைந்த செலவில் முடியக்கூடிய இடம் அதுதான்.

கேள்வி (மதுரை, ஜவுளிக்கடை விற்பனைப் பெண்): ஸ்டாக் குறைந்ததாகச் சொல்லி, ராஜினாமா என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பயந்து போட்டுவிட்டேன்.

இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள் அம்மா. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் எதிரில் கையெழுத்து வாங்கினார்கள், அது நானாக எழுதியதல்ல, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். இவ்வளவு போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதையே படம் எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், அந்த போனை மாற்றாதீர்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொல்வதாக ஆகிவிடும். மறுநாளே சொன்னதற்குத் தனி மதிப்பு.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த கடை ஊழியரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று 1947-ன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. மேல்முறையீட்டுக் காலக்கெடு குறுகியது, தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

கேள்வி (சென்னை, மென்பொருள் ஊழியர்): இரண்டு வருடம் விலகமாட்டேன் என்று பாண்ட் (ஒப்பந்தம்) எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டாவது மாதம் விலகினால் 2 லட்சம் கேட்கிறார்கள், ஒரிஜினல் சான்றிதழ்களையும் வைத்திருக்கிறார்கள். பாண்ட் செல்லாது என்கிறார்களே?

அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி மறுபடி ஆள் எடுக்கும் செலவை அதில் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கம்பெனி உங்களுக்காக என்ன செலவு செய்தது என்பதுதான் கேள்வி. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இடம் தருவதில்லை. விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக 27-வது பிரிவின்படி நிற்காது.

சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். நோட்டீஸ் பீரியடை முழுதாக முடியுங்கள், ஹேண்டோவரை (வேலையை ஒப்படைக்கும் விவரத்தை) மெயிலில் அனுப்புங்கள், லேப்டாப்பை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கோபத்தில் பாதியில் எழுந்து போனவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

கேள்வி (கோவை, 40 பேர் உள்ள நிறுவனத்தின் மனிதவளப் பொறுப்பாளர்): மேலாளர் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பெண் வாய்மொழியாகச் சொன்னார். அந்தப் பெண்ணை வேறு கிளைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி.

மாற்றாதீர்கள். புகார் சொன்னவரை இடம் மாற்றினால் அது தண்டனைதான். அவரே எழுத்தில் கேட்டால் மட்டும், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் பரிந்துரையில் மாற்றலாம். பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும்: தலைமையில் மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரை எழுத முடியாவிட்டால் எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை. பணம் கொடுத்துச் சமரசம் செய்யச் சட்டமே தடை போட்டிருக்கிறது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் முதலாளியிடம் இந்தத் தொகையை முதலில் சொல்லாதீர்கள். அந்தப் பெண் நாளை தைரியமாக ஆபீசுக்குள் வர முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி (ஓசூர்): சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், பாஸ்புக்கில் ஏறவில்லை.

சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி, குற்ற வழக்கே வரும்.

கேள்வி (சேலம்): நாலு வருடம் பத்து மாதம் ஆகிறது. கிராஜுவிட்டி உண்டா?

ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 20,800 என்றால், 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்குங்கள்: 60,000 ரூபாய்.

மீண்டும் திருப்பூரிலிருந்து: வியாழக்கிழமை சமரசப் பேச்சு. டெய்லரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என்ன கொண்டு போகட்டும்?

மனம் குளிர்கிறது. வருகைப் பதிவேடு, கடைசி 12 மாதச் சம்பளப் பதிவு, "பழைய பணிக்காலத் தொடர்ச்சியோடு இந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வரலாம்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், இரண்டு நகல். வெளியே அனுப்பிய நாட்களுக்கான சம்பளத்தில் எவ்வளவு தர முடியும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். இருவரும் ஆபீசர் முன் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், பேச்சைத் தொடங்கும் முன் அந்தப் பன்னிரண்டு நாள் வீட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள். இன்னும் நீங்கள் கேட்கவே இல்லை.