வீட்டு விமானப் பாவனைக்கு ஜாய்ஸ்டிக், த்ராட்டில் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினியில் விமானம் ஓட்டிப் பழக, உண்மையான உணர்வைத் தரும் ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் எவை என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். விமானத்தின் மூக்கை உயர்த்தித் தாழ்த்தவும் இறக்கைகளைச் சாய்க்கவும் உதவும் கோல் ஜாய்ஸ்டிக். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் த்ராட்டில்.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் உணரியைத்தான். மலிவான கருவிகள் பலவற்றில் கரித்தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசி நகரும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. தடம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ, கோலைத் தொடாமலேயே திரையில் விமானம் நடுங்கும். பழைய வானொலியின் ஒலிக்குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்குமே, அதே கோளாறுதான் இது. ஹால் உணரியோ காந்தப்புலத்தின் மாற்றத்தைக் கொண்டு நகர்வை அறிவதால், அங்கே உரசலும் இல்லை, அதனால் வரும் தேய்மானமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் வந்துவிடும் நீலகிரியில், கூடுதல் விலை கொடுத்தாவது இதையே வாங்குங்கள் என்பேன்.

த்ராட்டில் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். நடுவுக்குத் திரும்பும் வில் அதற்கு ஆகாது. ஜாய்ஸ்டிக்குக்கு அந்த வில் வேண்டும், ஆனால் தரையிறங்கும்போது செய்யும் திருத்தங்கள் விரற்கடை அளவே என்பதால், நடுப்பகுதியில் அது தடுக்காமல் மென்மையாக நகர வேண்டும்.

ஜாய்ஸ்டிக் போர் விமானங்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தை விமானிகள் பக்கவாட்டில் உள்ள அத்தகைய கோலால்தான் ஓட்டுகிறார்கள்.