பாக்டீரியா போடட்டும், ஆனா அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க

கேள்வி: நாங்க மடிப்பாக்கத்துல தனி வீடு. பக்கத்து அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ஜெனரேட்டருக்கு வச்சிருந்த டீசல் டேங்க் ஒழுகி, எங்க வீட்டு தரைக்கடியில ஊறி, ரூமெல்லாம் ஒரே நாத்தம், கிணத்துல எண்ணெய் மிதக்குது. அசோசியேஷன்காரங்க ஒரு கம்பெனிய கூட்டிட்டு வந்து, பாக்டீரியா பவுடர் போட்டா மூணு வாரத்துல சரியாயிடும், இதுல கையெழுத்து போடுங்கன்னு கேக்கறாங்க. போடலாமா?

பதில்: வணக்கம் மேடம். இப்போதைக்கு போடாதீங்க. நீங்க அனுப்பின அந்த பேப்பரோட கடைசி பாராவ நல்லா படிங்க, "இனி எந்தவித நஷ்ட ஈடும் கோர மாட்டேன்"னு இருக்கு, வேலையே ஆரம்பிக்கல அதுக்குள்ள உங்க உரிமைய எழுதி வாங்கப் பாக்கறாங்க.

பாக்டீரியா முறை ஏமாத்து வேலை இல்ல, அதையும் சொல்லிடறேன். 2017 ஜனவரில எண்ணூர் துறைமுகத்துக்கிட்ட ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, கரையில அள்ளின கசட்டை தனியா குழில போட்டு பாக்டீரியா வச்சுதான் சிதைச்சாங்க. ஆனா அது அள்ளிட்டுப் போய் திறந்த வெளில பண்ணது, உங்களுக்கு வீட்டு தரைக்கடியில. டீசலை தின்ற பாக்டீரியாவுக்கு காத்து வேணும், ஈரம் வேணும், நைட்ரஜன் பாஸ்பரஸ் வேணும், மேல பவுடர் தூவிட்டுப் போனா சிமெண்ட் தரைக்கடியில காத்து எங்கேருந்து வரும்? தரையில துளை போட்டு புளோயர் வச்சு காத்து அனுப்பணும், மிதக்கற எண்ணெயை முதல்ல உறிஞ்சி எடுக்கணும், டீசல் ஊறின கான்கிரீட்டையும் தோண்டி எடுக்க முடியற மண்ணையும் எடுத்துடறதுதான் நல்லது. பொதுவா மாசக்கணக்குல ஆகற வேலை இது, மூணு வாரம்னு சொல்றத நான் நம்பல.

என்னை ரொம்ப கவலைப்படுத்தறது வேற விஷயம். உங்க மண்ணுல இருக்கற டீசல்தான் உங்க கேஸோட சாட்சி, பாக்டீரியா அதத்தான் தின்னப் போகுது. அதனால பவுடர் உள்ள வர்றதுக்கு முன்னாடி என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச் சான்று தர்ற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்ல சொல்லி அவங்க ஆளையே வரவழைச்சு மண், கிணத்துத் தண்ணி, முடிஞ்சா அந்த டேங்க் டீசல் மூணுலயும் சாம்பிள் எடுக்க வைங்க. மண்ணுல மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் (அதாவது ஊறியிருக்கற டீசல்) எவ்வளவு, தண்ணில மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய்), பென்சீன்ங்கற நச்சு எவ்வளவுன்னு ரிப்போர்ட் வாங்குங்க. குடிதண்ணி தர அளவுப்படி மினரல் ஆயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. அதுவரைக்கும் கிணத்து மோட்டார் போடாதீங்க, இழுக்க இழுக்க எண்ணெய் இன்னும் உங்க பக்கம் வரும். சோப்பு போட்டு கழுவாதீங்க. அந்த ரூம்ல விளக்கு ஏத்தாதீங்க, யாரையும் படுக்க வைக்காதீங்க, முக்கியமா குழந்தைங்கள.

அடுத்து அவங்க பேப்பருக்கு பதிலா நம்ம பேப்பர். மொத்த செலவும் அவங்களோடது, எந்த அளவுக்கு டீசல் குறையணும்னு நம்பர், லேப் நீங்க சொல்றது, வேலை நிறுத்தி ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் (நாத்தம் போனமாதிரி இருந்து மறுபடி ஏறும்), குறையலன்னா தரைய உடைச்சு மண்ணை மாத்தித் தரணும், அதுவரைக்கும் லாரித் தண்ணியும் வெளில தங்கற வாடகையும் அவங்க பொறுப்பு. "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இந்த வேலைக்கு மட்டும் அனுமதிக்கிறேன்"ங்கற வரி கண்டிப்பா இருக்கணும்.

ஒத்துக்கலன்னா சட்டம் உங்க பக்கம்தான். மாசுபடுத்தினவனே சுத்தம் பண்ற செலவையும் தரணும்னு 1996லயே வேலூர் தோல் தொழிற்சாலை கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இன்னிக்கே எழுத்துல புகார் கொடுங்க, தண்ணில மாசு கலக்க விடக் கூடாதுங்கற 1974 தண்ணீர் சட்டம் 24ம் பிரிவு கிணத்துக்கும் பொருந்தும். சுற்றுச்சூழல் கேஸ்களை விசாரிக்கற தேசிய பசுமை தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு சென்னைலயே இருக்கு, நஷ்ட ஈடும் சீரமைப்பும் கேக்க அந்த தீர்ப்பாய சட்டத்தோட 15ம் பிரிவுல 5 வருஷம் டைம், ஆனா சுற்றுச்சூழல் தகராறுன்னு 14ம் பிரிவுல போறதா இருந்தா 6 மாசம்தான், அதனால தள்ளிப் போடாதீங்க. ஒரு வீட்டு பிரச்சனைய அங்க எடுப்பாங்களான்னு கேள்வி வரும், தெருவுல வேற கிணறும் கெட்டிருந்தா எல்லாரும் சேர்ந்து போங்க, கேஸ் ரொம்ப பலமாயிடும். நீங்க மட்டும்தான்னா சிவில் கோர்ட்ல போட்டு அட்வகேட் கமிஷனர் (இடத்தை நேர்ல பாத்து ரிப்போர்ட் தர கோர்ட் அனுப்பற வக்கீல்) வந்து பாக்க மனு கொடுக்கலாம்.

இன்னொன்னு, அந்த டேங்க் எவ்வளவு பெருசுன்னு விசாரிங்க. டீசல் மொத்தம் 2500 லிட்டருக்கு மேல போனாலோ, ஒரே டேங்க் 1000 லிட்டருக்கு மேல இருந்தாலோ பெட்ரோலிய சட்டப்படி லைசென்ஸ் வேணும், இல்லாம வச்சிருந்தா அவங்க உக்காந்து பேச வந்துடுவாங்க. டேங்க் போட்டோ, நாத்தம் ஆரம்பிச்ச தேதி, இதுவரைக்கும் வந்த வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் எடுத்து வைங்க, அசோசியேஷனுக்கு பதில் கடிதம் அக்னாலெட்ஜ்மென்ட்டோட ஸ்பீட் போஸ்ட்ல போகட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம்.