பள்ளி முடிக்க நிதிப் பாடம் கட்டாயமா? அமெரிக்கப் பெற்றோரின் கேள்விகள்

கேள்வி: சார், மகள் கலிஃபோர்னியாவில் பொதுப் பள்ளியில் படிக்கிறாள், 2031இல் முடிப்பாள். பணத்தைக் கையாளச் சொல்லித்தரும் நிதிப் பாடம் அவளுக்குக் கட்டாயமா?

ஆமாம். 2024இல் சட்டம் வந்தது. 2027-28 கல்வியாண்டுக்குள் பள்ளிகள் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும். 2030-31இல் முடிப்பவர்களிலிருந்து கட்டாயம். ஒரு செமஸ்டர்தான்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்கிறார்கள். மகனோ அப்படி ஒரு வகுப்பே இல்லை என்கிறான்!

இரண்டும் உண்மையாக இருக்கலாம். பள்ளிப் படிப்பு முடிக்க என்னென்ன தேவை என்பதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. யூட்டா வெகு காலத்துக்கு முன்பே தனிப்பாடமாக வைத்துவிட்டது. ஃப்ளோரிடாவில் 2023-24இல் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தவர்களிலிருந்து அரை கிரெடிட் (பள்ளி முடிக்கச் சேர்க்க வேண்டிய பாட மதிப்பலகு) தேவை. சில மாநிலங்களில் பொருளாதாரப் பாடத்துக்குள் ஒரு பகுதியாகச் செருகிவிடுகிறார்கள். வருடக் கடைசியில் நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பகுதிதான். தனிப்பாடம் இல்லையென்றால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

கேள்வி: உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை இன்னொரு பரீட்சையா?

நியாயமான சந்தேகம். ஆய்வுகளே ஒரு குரலில் பேசவில்லை. ஜார்ஜியா, ஐடஹோ, டெக்சஸ் மாநிலங்களில் கட்டாயமான பிறகு படித்தவர்களைப் பக்கத்து மாநில இளைஞர்களோடு ஒப்பிட்டார்கள். கடன் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று காட்டும் மதிப்பெண், கூடியிருந்தது; தவணை தவறுவது குறைந்திருந்தது. ஆனால் பழைய கட்டாயங்களை ஆராய்ந்த வேறொரு குழு, நிதிப் பாடத்தால் மாற்றமே இல்லை, கூடுதலாகக் கணக்குப் படித்தவர்கள்தான் பணத்தை நன்றாகக் கையாண்டார்கள் என்றது. அந்தக் காலத்துப் பாடங்கள் பல பெயரளவுக்கு இருந்தவை என்பது என் எண்ணம். எப்படியோ, இதற்கு இடம் விடக் கணக்கு வகுப்பைக் குறைத்தால் நஷ்டம்தான்.

ஏன் என்கிறீர்களா? சம்பள நாள் வரைக்கும் கொடுக்கும் பே-டே கடனையே பாருங்கள். நூறு டாலருக்கு இரண்டு வாரத்தில் 15 டாலர் கட்டணம். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு வருடத்தில் 26 இரண்டு வாரங்கள். பெருக்கினால் ஆண்டு வட்டி 390 சதவீதம்! இந்தப் பெருக்கலைத் தானாகப் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அறிவுரையே வேண்டாம்.

கேள்வி: கையில் காசே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு பட்ஜெட் பாடம் எதற்கு, அண்ணா?

பட்ஜெட் போட்டால் சம்பளம் உயராது, சரிதான். இல்லாத பணத்தைச் சேமிக்கச் சொல்லும் பாடம் எனக்கும் எரிச்சல். ஆனால் கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்புவது, தனியார் கடனுக்கு முன் அரசுக் கடனைப் பார்ப்பது, முதல் வேலையில் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான டபிள்யூ-4 படிவத்தில் என்ன எழுதுவது, இதையெல்லாம் வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் வகுப்பு அதிகம் உதவும்.

கேள்வி: ஆன்லைனில் முடிக்கலாமா?

பல இடங்களில் முடியும். கிரெடிட் சேருமா என்று பள்ளி ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.