செல்லியின் இருமல்: இன்ஹேலர் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பூனை செல்லிக்கு 6 வயது. போன மழைக்காலத்திலிருந்து கழுத்தை நீட்டி, தரையோடு பதுங்கி இருமுகிறது. ஆஸ்துமா மாதிரி நாள்பட்ட நுரையீரல் நோய் என்று டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் சரியானதும் நிறுத்திவிட்டோம். தை அறுவடையில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இப்போது இன்ஹேலர் வாங்கச் சொல்கிறார். பூனைக்கு எப்படிக் கொடுப்பது? ஆடாதொடைக் கஷாயம் போதாதா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கஷாயம் வேண்டாம், அம்மா. திமிறுகிற பூனையின் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். தைலமும் கற்பூரமும் தடவாதீர்கள்; நக்கி விழுங்கிவிடும். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

செல்லிக்குச் சரியானது இருமல்தான், நோய் அல்ல. மூச்சுக்குழாய்ச் சுவரின் வீக்கம் மாத்திரையால் அடங்கியிருந்தது, நிறுத்தியதும் எழும்பிவிட்டது. ஸ்டீராய்டை டாக்டர் சொல்லும் கணக்கில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரையை வருடக்கணக்கில் கொடுத்தால் சர்க்கரை நோய் வரலாம். அதனால்தான் இன்ஹேலர், அதில் மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும். ஆனால் அது முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை மாத்திரையையும் விடாதீர்கள்.

இன்ஹேலருக்கும் செல்லியின் முகத்துக்கும் நடுவே பொருத்த, முகமூடி வைத்த ஸ்பேசர் குழாய் வேண்டும். முதல் நாளே மருந்தை அடித்தால் செல்லி பரண் ஏறிவிடும், அப்புறம் கிட்டேயே வராது. முகமூடியின் உள்விளிம்பில் கொஞ்சம் மீன் சாறு தடவித் தரையில் வையுங்கள். தானாக மூக்கை நுழைக்கட்டும். சில நாளில் முகத்தில் வைக்க விடும். அதற்குப் பிறகு இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசருக்குள் ஒரு அழுத்து அழுத்தி, ஏழிலிருந்து பத்து மூச்சு வரை பிடித்திருங்கள். முடிந்ததும் ஒரு நெத்திலி கொடுங்கள். பொறுமையாகப் பழக்கினால் முகமூடியைப் பார்த்ததும் ஓடி வரும் பூனைகளும் உண்டு.

வீட்டுப் புகையை நிறுத்தாவிட்டால் இத்தனையும் பாதி வீண். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி மூன்றையும் விடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் போதும். தை, மாசியில் களத்தில் நெல் தூற்றும்போதும் பக்கத்து வயலில் அறுத்த தாளைக் கொளுத்தும்போதும் செல்லியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அது படுக்கும் சாக்கில் வைக்கோல் தூசி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். நத்தை தின்ற எலி, பல்லியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கு நுரையீரல் புழு வரும். இருமல் இதே மாதிரிதான் இருக்கும். நம் வயல்களில் நத்தைக்குக் குறைவில்லை. மலத்தைப் பரிசோதித்தால் தெரியும். புழுதான் காரணம் என்றால் பூச்சி மருந்திலேயே குணமாகலாம்.

தினமும் செல்லி அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் காலண்டரில் குறியுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30க்குள் இருந்தால் கவலையில்லை. இரண்டு நாள் தொடர்ந்து கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். 40ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். துணியில் இறுக்கிச் சுற்றாமல், காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து உடனே தூக்கிக்கொண்டு போங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவில் அங்கே பார்ப்பார்களா, வேறெங்கே போவது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள்.