இயற்கைத் தேர்வு என்றால் உயிரினம் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதுதானா?

கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். "சூழல் மாறினால் உயிரினம் தன்னை மாற்றிக்கொள்ளும், அதுதான் இயற்கைத் தேர்வு என்று எழுதினால் போதுமா? பரிணாமத்தை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில்: போதாது, அது தவறும்கூட. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லித்தருகிறேன். விடைத்தாளில் நான் அடிக்கடி சிவப்பு மையில் அடிக்கிற வரி, "வறட்சி வந்ததால் குருவிகள் தங்கள் அலகைப் பெரிதாக்கிக்கொண்டன" என்பதுதான். எந்தக் குருவியும் அப்படிச் செய்யவில்லை. சில செத்தன, சில பிழைத்தன, பிழைத்தவை குஞ்சு பொரித்தன. நடந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பார்த்திருக்கிறார்கள், மில்லிமீட்டர் கணக்கில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் முதல் கேள்வியும் தெளிந்துவிடும்.

ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலை மேடு, ஆள் குடியில்லை. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973-இல் அங்கே வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஃபிஞ்ச் குருவிகளை வலை விரித்துப் பிடிப்பார்கள், காலில் வண்ண வளையங்கள் மாட்டுவார்கள், காலிப்பர் வைத்து அலகின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து விட்டுவிடுவார்கள். (ஆழம் என்பது அலகு முளைக்கும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை உள்ள தடிமன்.) எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது என்பதையும் குறித்து வைத்தார்கள். கேட்க அலுப்பான வேலைதான். ஆனால் அந்த நோட்டு இல்லாவிட்டால் பின்னால் நடந்த எதையும் நிரூபித்திருக்க முடியாது.

1977-இல் மழை பொய்த்தது. வழக்கமாக மழைப் பருவத்தில் 130 மில்லிமீட்டர் பெய்கிற இடத்தில் 24 மில்லிமீட்டர்தான் பெய்தது. செடிகள் புதிதாக விதை போடவில்லை. தரையில் கிடந்த சின்ன, மெத்தென்ற விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. கடைசியில் மிஞ்சியதில் முக்கியமானது, நம் ஊர்த் தரிசு நிலத்தில் செருப்பைத் துளைக்கும் நெருஞ்சிக்குப் பங்காளி முறையான ஒரு செடியின் காய். இரண்டும் ட்ரிபுலஸ் என்ற ஒரே பேரினம். காய் காய்ந்ததும் முள்ளோடு துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கெட்டியான ஓட்டின் உள்ளே விதைகள் இருக்கும். மூலையைக் கடித்து உடைத்து, விதையை நெம்பி எடுக்க வேண்டும். நல்ல காலத்தில் பெரும்பாலான குருவிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற சிற்றினத்தில் அந்தத் தீவில் சுமார் 1,200 குருவிகள் இருந்தன. வறட்சி முடிந்தபோது 200-க்கும் குறைவாகத்தான் மிஞ்சின. வறட்சிக்கு முன் அலகின் சராசரி ஆழம் 9.42 மில்லிமீட்டர், பிழைத்தவற்றில் 9.96. வித்தியாசம் அரை மில்லிமீட்டர், உங்கள் ஸ்கேலில் இருக்கும் மிகச் சிறிய இடைவெளியில் பாதி. சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே இருந்தது அந்த அளவுதான்.

இங்கே நின்று யோசியுங்கள். ஒரு தனிக் குருவியை எடுத்துக்கொண்டால், 1976-இல் அளந்த அலகுதான் 1978-லும் இருந்தது. மாறியது கூட்டத்தின் சராசரி. சல்லடையில் சலித்தால் மேலே பெரிய அரிசிதான் நிற்கும், ஆனால் எந்த அரிசியையும் சல்லடை பெரிதாக்குவதில்லை. ஆகவே பரீட்சையில் எழுதும்போது, "மாறியது" என்ற வினைக்கு எழுவாயாகக் குருவியைப் போடாதீர்கள், குருவிக் கூட்டத்தைப் போடுங்கள். பாதித் தவறு அதிலேயே சரியாகிவிடும்.

ஆனால் இது இன்னும் பரிணாமம் ஆகவில்லை. இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது, அவ்வளவுதான். 1978-இல் மழை வந்து, பிழைத்தவை ஜோடி சேர்ந்து குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகள் வளர்ந்ததும் அளந்து பார்த்தால், வறட்சிக்கு முந்தைய தலைமுறையைவிட அலகின் ஆழம் சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. பரிணாமம் என்பது இந்த இரண்டாவது அளவு. தடித்த அலகுள்ள பெற்றோருக்குப் பெரும்பாலும் தடித்த அலகுள்ள பிள்ளைகள் என்று முன்பே அளந்து தெரிந்துகொண்டிருந்தார்கள். மரபு வழியாக வராமல் தீனியால் மட்டும் வந்த தடிமனாக இருந்தால், அடுத்த தலைமுறை பழைய சராசரிக்கே திரும்பியிருக்கும். வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைகளுக்குப் போக வேண்டும், அதனால் பிழைப்பிலோ இனப்பெருக்கத்திலோ ஏற்றத்தாழ்வு வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இயற்கைத் தேர்வால் பரிணாமம் நடக்காது.

சரி, வேறுபாடு முதலில் எங்கிருந்து வருகிறது? திடீர்மாற்றமும் (மரபணுவில் தற்செயலாக வரும் மாற்றம்), பெற்றோரின் மரபணுக்கள் கலந்து சேர்வதும் காரணம். தேவையைப் பார்த்து அது வருவதில்லை. இதை நம்ப முடியாதவர்களுக்கு 1952-இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற மரபியலாளர்கள் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்களின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த பல தட்டுகளில் முத்திரை குத்துவதுபோல ஒற்றினார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்த ஒன்றிரண்டு எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் முளைத்தன. மருந்தைப் பார்த்த பிறகு மாறியிருந்தால் தட்டுக்குத் தட்டு இடம் வேறுபட்டிருக்கும். மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, முதல் தட்டின் அந்த இடத்தில், எதிர்ப்புத்திறன் உள்ளவை இருந்தன என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்த்த சோதனை அதிகமில்லை.

அப்புறம், பெரிய அலகுதான் "மேம்பட்ட" அலகு என்று நினைத்துவிடாதீர்கள். 1982 கடைசியில் எல் நினோ வந்தது, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி வானிலை தலைகீழாகும் காலம். டாஃப்னியில் மாதக்கணக்கில் கொட்டிய மழையில் கொடிகள் படர்ந்து நெருஞ்சிச் செடிகளை அமுக்கிவிட்டன, சின்ன விதைகள் குவிந்தன. அடுத்து வந்த வறட்சியில் சின்ன அலகுக் குருவிகள் நன்றாகப் பிழைத்தன, பெரியவை தடுமாறின. 2004-05 வறட்சியிலும் சராசரி அலகு சிறுத்தது, இந்தத் தடவை காரணம் வேறு. 1982 முதல் அந்தத் தீவில் குடியேறியிருந்த பெரிய தரை ஃபிஞ்ச் குருவிகள் நெருஞ்சி விதைகளைப் பங்குக்கு வந்து தின்று தீர்த்துவிட்டன. ஆக, எது தகுதி என்பதை அந்தந்த வருடத்து விதைதான் முடிவு செய்தது.

டார்வின் இந்தக் குருவிகளைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது என்ற கதையையும் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். 1835-இல் அங்கே போனபோது, எந்தக் குருவி எந்தத் தீவில் பிடித்தது என்றுகூட அவர் ஒழுங்காகக் குறிக்கவில்லை. ஒன்றுக்கொன்று நெருங்கிய தனித்தனிச் சிற்றினங்கள் அவை என்று லண்டனில் கண்டுசொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். 1859-இல் வந்த டார்வினின் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தை நிறைப்பது வளர்ப்புப் புறாக்கள். இயற்கைத் தேர்வு என்ற இதே கருத்துக்குத் தனியாக வந்து சேர்ந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளரின் பெயரையும் விடையில் ஒரு வரி சேருங்கள்.

"அலகு அரை மில்லிமீட்டர் கூடிக் குறைந்தால் புதுச் சிற்றினம் ஆகிவிடுமா?" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆகாது. ஆனால் அதற்கு அருகில் போன ஒரு சம்பவமும் அதே தீவில்தான் நடந்தது. 1981-இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பானியோலா தீவிலிருந்து ஒரு ஆண் குருவி வழிதவறி டாஃப்னிக்கு வந்து சேர்ந்தது. உடம்பு பெரிது, பாட்டும் வேறு. உள்ளூர்ப் பெண் குருவியோடு ஜோடி சேர்ந்தது. இரண்டொரு தலைமுறைக்குள் அதன் வாரிசுகள் தங்களுக்குள் மட்டுமே ஜோடி சேரத் தொடங்கிவிட்டன, மற்றவற்றோடு கலப்பதில்லை. இதைத் தனிச் சிற்றினம் என்று சொல்லலாமா என்பது, சிற்றினத்துக்கு நீங்கள் எந்த வரையறையைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் பாடத்தில் இருக்கும் இனப்பெருக்கத் தனிமைப்படுத்தல் என்ற பகுதியைப் படிக்கும்போது இந்தக் குருவிக் குடும்பத்தை மனதில் வைத்துப் படித்துப் பாருங்கள்.